பதில்களுக்கு முன்னால் அஸ்திவாரம்: குமரி மாவட்டத் திருச்சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களே, அருட்பணியாளர்களே, வாலிபர் ஐக்கியத் தலைவர்களே, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே,

உங்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நான் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். சபையில் முப்பது வருடமாக ஓய்வுநாள் பள்ளியிலும் வகுப்பு எடுக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் ஒரு கரும்பலகை, ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கரும்பலகை. இரண்டிலும் உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் அதே பிள்ளைகள்தான். அதனால்தான் இதை எழுதும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தவன் வாலிபர் கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்டான்: "இறந்தவர் உயிர்த்தெழ முடியாதுன்னு விஞ்ஞானம் சொல்லுது. அப்புறம் உயிர்த்தெழுதலை நான் எப்படி நம்புறது?" கூட்டத்தை நடத்தியவர், "தம்பி, இது விசுவாசக் குறைவு. முழங்கால் போட்டு ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாகும்" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்குப் பிறகு அவன் ஆலயத்துக்குள் வரவில்லை. அவனுடைய அம்மா மட்டும் வருகிறார்கள். ஆராதனை முடிந்து என்னைப் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அது எனக்கு மிகவும் வலிக்கிறது.

சில மாதம் கழித்து மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். பெங்களூர் பஸ் வர அரை மணி நேரம் இருந்தது. டீக்கடையில் ஆளுக்கொரு பழம்பொரி வாங்கிக்கொண்டு நின்றோம். அவனே ஆரம்பித்தான். "சார், இயற்கை விதி எங்கேயும் எப்பவும் ஒண்ணுதான்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"

"ஆமாம் மக்களே, நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனா அதை நான் எந்த லேபில் நிரூபிச்சுக் காட்டினேன்னு சொல்லு பாப்போம்" என்றேன்.

அவன் யோசித்தான். நான் அவனுக்குத் தனி ஊசல் சோதனையை ஞாபகப்படுத்தினேன். நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, 20 அலைவுக்கு ஆகும் நேரத்தை ஸ்டாப் வாட்சில் பார்த்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு மீட்டர் நூல் என்றால் 20 அலைவுக்குச் சுமார் 40 விநாடி. விடை 9.8-க்குப் பக்கத்தில் வர வேண்டும். வருடாவருடம் நாலைந்து பிள்ளைகளுக்கு 10.9 வரும். அவர்களில் ஒருவர்கூட ரெக்கார்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், இன்னைக்கு நம்ம லேபில் புவியீர்ப்பு மாறிப்போச்சு" என்று சொன்னதில்லை. "எண்ணினதுல தப்பு சார்" என்றுதான் சொல்வார்கள். உண்மையும் அதுதான். குண்டை விடும்போதே "ஒண்ணு" என்று எண்ணத் தொடங்கியிருப்பார்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். 19 அலைவை 20 என்று எழுதியிருப்பார்கள்.

அளவு விதியோடு மோதினால் அளவைத்தான் சந்தேகிக்கிறோம். அதில் தவறே இல்லை, அப்படிச் செய்யாவிட்டால் ஒரு சோதனையும் நடக்காது. ஆனால் விதி மாறாது என்ற நம்பிக்கை அந்தச் சோதனையிலிருந்து நமக்குக் கிடைக்கவில்லை. லேபுக்குள் நுழையும்போதே அதைக் கையோடு கொண்டுவந்தோம். நேற்று வரை இருந்தபடியே நாளையும் இருக்கும் என்பதை நேற்றைய அனுபவத்தைக் காட்டி நிரூபிக்க முடியாது, அப்படி நிரூபிக்கப் போனால் நிரூபிக்க வேண்டியதையே முதலில் எடுத்துக்கொண்டதாகிவிடும். இதைச் சொன்னவர் ஒரு போதகர் அல்ல, ஸ்காட்லாந்தின் பெரிய சந்தேகவாதி டேவிட் ஹியூம். 1748-ல் வெளியான நூலில் அப்படி எழுதினார். அதே நூலில் சில பகுதிகள் தள்ளி, மனித அனுபவம் முழுவதும் எதிராக நிற்பதால் அற்புதத்தை நம்பக்கூடாது என்றும் எழுதினார். முதலில் எழுதியது சரியென்றால், பின்னால் எழுதியது எதன் மேல் நிற்கிறது?

பையன் பழம்பொரியைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். "அப்ப நீங்க எதுமேல நிக்கிறீங்க சார்?" என்றான். எனக்கு அன்றைக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அந்தக் கேள்விதான்.

அதை அவனுக்குச் சொன்னபடியே உங்களுக்கும் சொல்கிறேன். "பூமியுள்ள நாளளவும் விதைப்பும் அறுப்பும், சீதளமும் உஷ்ணமும், கோடைகாலமும் மாரிகாலமும், பகலும் இரவும் ஒழிவதில்லை" என்று ஆதியாகமம் 8-ம் அதிகாரத்தில் ஒரு வாக்கு இருக்கிறது. நம் ஊரில் தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதியும் வடகிழக்குப் பருவமழையான துலாமழையும் வருவதும், ஊசல் இன்றும் நாளையும் ஒரே கணக்கில் ஆடுவதும் அந்த வாக்கைக் கொடுத்தவருடைய உண்மையினால் என்று நம்புகிறவன் நான். ஒழுங்கு அவருடைய கையில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் அதே கை வேறுவிதமாகச் செய்தது என்றால், நான் போதித்த இயற்பியல் அதனால் உடையாது. இதுதான் என் அஸ்திவாரம். அவனும் ஓர் அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கிறான். ஆனால் அதற்கு அவன் விஞ்ஞானம் என்று பெயர் வைத்திருக்கிறான்.

இந்த அஸ்திவாரத்தைத்தான் முன்னனுமானம் என்கிறார்கள். யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே மனதில் சரியென்று வைத்துவிட்ட ஒன்று. வீடு கட்டும்போது வானம் தோண்டிக் கருங்கல் போடுகிறோமே, அதுபோல. குடிவந்த பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை. சுவரில் விரிசல் விழும்போதுதான் அதைப் பற்றிப் பேச்சே எழும்பும்.

வேதாகமத்தில் இது நமக்குப் புதிய விஷயமே இல்லை. யோவான் 12-ம் அதிகாரத்தில் வானத்திலிருந்து சத்தம் உண்டாகிறது. நின்றவர்களில் சிலர் இடி முழங்கியது என்கிறார்கள், வேறு சிலர் தேவதூதன் பேசினான் என்கிறார்கள். எல்லோர் காதிலும் விழுந்தது ஒரே சத்தம்தான். மத்தேயு கடைசி அதிகாரத்தில் கல்லறை காலியாக இருக்கிறது என்று காவல்காரர் வந்து சொல்கிறார்கள். பிரதான ஆசாரியர்கள் அதை மறுக்கவே இல்லை. பணத்தைக் கொடுத்து, சீஷர்கள் திருடிக்கொண்டு போனார்கள் என்று சொல்லச் சொன்னார்கள். காலிக் கல்லறை என்ற ஆதாரம் அவர்கள் கையிலும் இருந்தது. ஆதாரத்தைக் கொடுத்துவிட்டால் போதும், மனம் தானாகத் திரும்பும் என்று நாம் நடத்துகிற கூட்டங்களை நினைத்தால், இந்த அதிகாரத்தை நாம் சரியாக வாசித்தோமா என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதை ஒரு முறையாகவே வளர்த்தவர் கொர்னேலியஸ் வான் டில் என்ற இறையியலாளர். 1895-ல் நெதர்லாந்தில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடிபோய், 1929 முதல் பிலடெல்பியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் இறையியல் கல்லூரியில் கற்பித்தவர். யாருக்கும் சொந்தமில்லாத நடுநிலத்தில் நின்று கடவுளை நிரூபிக்கப் பார்க்காதீர்கள், அப்படி ஒரு நிலமே இல்லை என்பது அவருடைய வாதம். அவிசுவாசியோடு நமக்குப் பொதுவாக இருப்பது வேறு ஒன்று: இருவரும் தேவன் உண்டாக்கிய உலகத்தில், அவருடைய சாயலில் உண்டாக்கப்பட்டவர்களாக வாழ்கிறோம், அதை ரோமர் முதல் அதிகாரம் சொல்கிறபடி எல்லோரும் உள்ளுக்குள் அறிந்தும் இருக்கிறோம். அவருக்கு முன்பே நெதர்லாந்து இறையியலாளர் ஆபிரகாம் கைப்பர் இந்தப் பாதையில் நடந்தவர். அதற்கும் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் ஆன்செல்ம் என்ற பேராயர், புரிந்துகொள்வதற்காகவே விசுவாசிக்கிறேன் என்று எழுதிவைத்தார். பின்னால் வான் டில்லின் வழியில் வந்த கிரெக் பான்சன் 1985-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஒரு நாத்திகரோடு விவாதம் நடத்தி, தர்க்க விதிகளையே நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டார். அந்த விவாதத்தைப் பற்றி நம் வாலிபர்கள் சிலர் என்னிடம் மிகுந்த உற்சாகத்தோடு பேசுகிறார்கள். உற்சாகம் நல்லதுதான். ஆனால் மேடையில் ஒருவரை வாயடைக்க வைப்பதை மட்டும் அதிலிருந்து கற்றுக்கொண்டால் பாதி பாடத்தை விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

இதை நீங்கள் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதும் ஒரு மறுப்பு கட்டாயம் வரும். "வேதம் உண்மை, ஏனென்றால் வேதம் அப்படிச் சொல்லுது. இது வட்டம் சுத்துறது இல்லையா?" நியாயமான கேள்வி. யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள். கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கிறார். தூக்குக்குண்டு நேராகத் தொங்குகிறதா என்று சுவரை வைத்துப் பார்ப்பதில்லை. எந்த அளவுகோல் கடைசியோ அதை அளக்க இன்னொன்று கிடையாது. பகுத்தறிவே கடைசி நீதிபதி என்கிறவரும் அதைப் பகுத்தறிவைக் கொண்டுதான் நிறுவ வேண்டியிருக்கிறது. அப்படியானால் எல்லா வட்டமும் ஒன்றுதானா? இல்லை. எந்த அஸ்திவாரத்தின் மேல் நின்றால் ஊசலும், கணக்கும், நியாயம் அநியாயம் என்ற பேச்சும், பிள்ளை மேல் வைக்கும் பாசமும் சரியாமல் நிற்கின்றன என்று பார்க்கலாம். அதைத்தான் வாலிபர்களோடு உட்கார்ந்து பொறுமையாகப் பார்க்கச் சொல்கிறேன்.

ஆதாரங்களைத் தூக்கிப் போடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்களின் அருட்பணியாளர்கள் கடவுள் இருக்கிறார் என்று காட்ட இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் வைத்த ஐந்து வாதங்களை, அதாவது ஐந்து வழிகளை, படித்து வந்தவர்கள். கடவுளை இயல்பான அறிவின் ஒளியாலேயே அறிய முடியும் என்று 1870-ல் முதல் வத்திக்கான் சங்கம் அறிவித்ததும் அவர்களுடைய போதனை. இந்த இடத்தில் நமக்குள் வேறுபாடு உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை. நான் சீர்திருத்தச் சபைக்காரன், வான் டில் பக்கம் சாய்கிறவன். ஆனால் காலிக் கல்லறையைப் பற்றி, பவுல் தன் நாளில் உயிரோடிருந்த சாட்சிகளைச் சுட்டிக்காட்டியதைப் பற்றி, பிள்ளைகளுக்கு விவரமாகச் சொல்லுங்கள். எந்தத் தரையில் நின்று அதைச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள்.

அப்புறம், எல்லாக் கேள்விக்கும் இந்த வழியில் பதில் சொல்லப் போகக்கூடாது. இதை நான் கண்ணீரோடு கற்றேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்து தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கடற்கரைகளில் எத்தனை வீடு இருண்டது என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு நாங்கள் சிலர் போனோம். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அவருடைய போன் சார்ஜர் சுவிட்ச் போர்டில் அப்படியே மாட்டியிருந்தது, நுனி தரையில் கிடந்தது. அவர் மனைவி அதை யாரையும் கழற்ற விடவில்லை. "கடவுள் எங்கே போயிருந்தார்?" என்று கேட்டார். எங்களோடு வந்த ஒருவர், தீமை என்று சொல்வதற்கே கடவுள் தேவை என்று விளக்க ஆரம்பித்தார். வாதம் சரி. இடம் தவறு. அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்விட்டார். விளக்கம் சொன்னவரை நான் அன்றைக்குத் தடுக்காமல் நின்றேன், அந்தக் குறை என் மேலும் இருக்கிறது.

அங்கே பேச வேண்டியது யோபின் புத்தகம். யோபின் நண்பர்களும் ஒரு முன்னனுமானத்தோடுதான் வந்தார்கள்: துன்பப்படுகிறவன் பாவம் செய்திருக்க வேண்டும். ஏழு நாள் அவர்கள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்ததும் அந்த அஸ்திவாரம் அவர்களைப் பொய்யராக்கியது. கர்த்தர் பேசும்போது துன்பத்துக்குக் காரணம் சொல்லவில்லை. "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்றார். பேச்சையே அஸ்திவாரத்துக்குக் கொண்டுபோனார்.

இந்தப் புத்தகம் நம் மண்ணில் ஒரு வேலை செய்திருக்கிறது. 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைத்தலைவரான டச்சு அதிகாரி டிலனாய், துயரத்தில் இருந்த அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளைக்கு யோபின் கதையைச் சொன்னார் என்பது நாம் கேட்டு வளர்ந்த வரலாறு. அந்த நீலகண்ட பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். 1752-ல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் கல்லறையைப் பார்க்கும்போதெல்லாம் நான் நினைப்பது இதுதான்: நட்டாலத்தில் பிறந்த ஒரு மனிதனின் வாழ்க்கை, துன்பம் என்றால் என்ன என்ற அடிப்படை மாறியபோதுதான் மாறத் தொடங்கியது. அதைச் செய்தவர் வாதத்தில் வென்ற ஒருவர் இல்லை, பக்கத்தில் இருந்து பேசிய ஒரு நண்பர்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் நேர்மையாக இருக்காது. மற்றவர்களுடைய முன்னனுமானங்களைத் தோண்டுகிற நாம், நம்முடையதைத் தோண்டியிருக்கிறோமா? நம் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். பேச வேண்டியதும்தான். பிறப்பிலேயே ஒருத்தியின் மதிப்பு தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்பது அன்றைய திருவிதாங்கூரின் அஸ்திவாரம். தேவசாயலில் படைக்கப்பட்டவள் என்பது மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் நம் பாட்டிமார் கேட்ட வேறொரு அஸ்திவாரம். 1859 ஜூலை 26-ல் வந்த அரச பிரகடனம்கூட, மேல்சாதிப் பெண்கள் அணிவதுபோல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கொடுத்தது. பழைய அஸ்திவாரம் அவ்வளவு லேசில் அசையவில்லை.

சரி, இன்றைக்கு? கல்யாணப் பேச்சு வந்ததும் முதலில் என்ன விசாரிக்கிறோம்? சபைத் தேர்தல் வந்தால் எதை வைத்துக் கணக்குப் போடுகிறோம்? "மனிதர் எல்லோரும் சமம் என்று கடவுள் இல்லாமல் எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்று ஒரு நாத்திக நண்பரிடம் நம் வாலிபன் கேட்கலாம். நல்ல கேள்வி, கேட்கத் தகுந்த கேள்வி. அவர் திருப்பி, "கடவுள் இருக்கிற உங்க சபையில அது எங்கே இருக்கு?" என்று கேட்டால் அந்தப் பையன் என்ன சொல்வான்? வாயால் ஓர் அஸ்திவாரத்தைச் சொல்லிவிட்டு வீட்டை இன்னொன்றின் மேல் கட்டியிருந்தால், பக்கத்து வீட்டுக்காரருக்கு விரிசல் நன்றாகவே தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரர் என்று சொன்னது வெறும் பேச்சுக்கு இல்லை. இந்த மாவட்டத்தில் கிறிஸ்தவரும் இந்துக்களும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி. என் பக்கத்து வீட்டு அண்ணன் அய்யா வைகுண்டரின் சுவாமித்தோப்புப் பதிக்கு வழிபடப் போகிறவர். "எல்லா ஆறும் கடலுக்குத்தானே சார் போகுது" என்று அன்போடு சொல்வார். அதுவும் ஒரு முன்னனுமானம்தான். கடல் எது, ஆறு எது என்று முன்பே தெரிந்த ஒருவர்தான் அப்படிச் சொல்ல முடியும். அதை நான் அவரிடம் கேட்டிருக்கிறேன், திண்ணையில் உட்கார்ந்து, அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே. 1982-ல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த கலவரத்தை அவரும் நானும் மறக்கவில்லை. அதனால்தான் 1 பேதுரு 3:15-ல் "உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்பதை மட்டும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. வாலிபர் கூட்டத்தில் பாட்டு, சாட்சி, செய்தி எல்லாம் முடிந்து ஐந்து நிமிடம் மிச்சமிருந்தால் கேள்வி என்று இருப்பதை மாற்றி, மாதம் ஒருமுறையாவது முதலிலேயே கேள்விக்கு நேரம் கொடுங்கள். கேள்வி வந்ததும் பதிலைத் தேடிப் புத்தகத்தைப் புரட்டாமல், "இந்தக் கேள்வி எதை உண்மைன்னு எடுத்துக்கிட்டு வருது?" என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உங்களுடைய அஸ்திவாரத்தையும் மேசை மேல் வையுங்கள், ஒளித்து வைக்காதீர்கள். "எனக்குத் தெரியாது, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று ஒரு போதகர் சொல்வதை வாலிபர்கள் கேட்கட்டும். ஓய்வுநாள் பள்ளித் தேர்வில் இஸ்ரவேலின் ராஜாக்கள் பெயரை வரிசையாக எழுதச் சொல்கிறோம். அதோடு, நண்பன் கேட்ட ஒரு கேள்வியை எழுதி அதன் அடியில் என்ன இருக்கிறது என்று விளக்கு என ஒரு வினாவைச் சேர்த்தால் என்ன?

அந்தப் பையன் பஸ் ஏறும்போது, "கிறிஸ்துமஸுக்கு வருவேன் சார், இன்னும் பேசணும்" என்றான். உயிர்த்தெழுதலை நம்புகிறேன் என்று அவன் சொல்லவில்லை. டிசம்பர் மூன்றாவது வாரம் கேரல் பவனி அவன் வீட்டு முன்னால் வந்து நிற்கும்போது அவன் வாசலில் இருப்பான். அடுத்த ஞாயிறு மாலைக் கூட்டத்துக்கு அவனைக் கையைப் பிடித்து அழைத்து வர நான் தயார். அவன் எழுந்து அதே கேள்வியைக் கேட்டால், அரை மணி நேரம் கொடுங்கள். பின்வரிசையில் யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள்,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்,
மார்த்தாண்டம் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்